ஏடும் அச்சும்: சி. வை. தாமோதரம்பிள்ளை பற்றிச் சில எண்ணங்கள்

சென்ற தவணைப் பரீட்சையில் எமது உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு வினாக் கொடுத்திருந்தோம். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியை மதிப்பிடுக என்பது வினா. முப்பத்தொரு விடைத்தாள்களைத் திருத்தினோம். அவற்றுள் இருபத்தாறு, நாவலரை அத்திவாரத்துக்கும் பிள்ளையவர்களைச் சுவருக்கும் சாமிநாதையரைக் கூரைக்கும் ஒப்பிடும் பழகிய உவமையோடு தொடங்கின. அதன்பின் நூற்பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக வந்தன. ஈற்றில், தமிழுலகம் அன்னாருக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளது என்ற முடிபு. மாணவரைக் குறைகூறுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. விழா மேடைகளிற் கேட்டதையும் பாடக்குறிப்புகளிற் படித்ததையும் அவர்கள் உண்மையாக நம்பி எழுதியிருந்தனர். மதிப்பிடுக என்ற சொல்லுக்குப் புகழ்க என்று பொருள்கொள்ளுமாறு அவர்களைப் பழக்கியோர் ஆசிரியர்களாகிய நாமே.

எஞ்சிய ஐவருள் ஒருவன் விடையை முடிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று, "சேர், அவர் எங்கடை ஆக்களின்ரை ஏடு ஒண்டும் அச்சடிக்கேல்லையோ?" என்று கேட்டான். வகுப்பிற் சிலர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் வரவில்லை. அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சிறுப்பிட்டியிற் பிறந்தார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமார் நடத்திய பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்றார். சில காலம் கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பினை ஏற்றார். 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் அவருக்கு ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை. கள்ளிக்கோட்டையிற் கற்பித்தல், அரசாங்கக் கணக்கு நிலையத்தில் உத்தியோகம், சட்டப் பட்டம், இளைப்பாறியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை நீதிமன்றத்தில் நீதிபதிப் பதவி, ஈற்றில் இராவ்பகதூர்ப் பட்டம் என்று அவர் வாழ்க்கை சென்றது. 1901ஆம் ஆண்டின் முதல் நாளன்று சென்னையிற் காலமானார்.

இவ்வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏடு காத்தவர் என்று நாம் போற்றும் இம்மனிதர் ஏடு காத்த பரம்பரையில் உருவானவர் அல்லர். ஆதீனத்து வித்துவான் அல்லர். அரசவைப் புலவர் அல்லர். பரம்பரைப் புராணிகரும் அல்லர். கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் சேர்த்துக் கற்பித்த ஒரு செமினரி, புதிதாய்த் தோன்றிய ஒரு பல்கலைக்கழகம், அரசாங்கச் சம்பளம், அச்சியந்திரம் ஆகிய நான்கும் சேர்ந்து ஆக்கிய மனிதர் அவர். பகலிற் குடியேற்ற அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தார்; எஞ்சிய பொழுதிற் சேனாவரையர் உரையைப் பார்த்தார். ஒன்றிலே ஈட்டிய பணம் மற்றதிலே கரைந்தது. பழமையின் காவலர் என்று அவரைக் கூறுவோர், அப்பழமையைக் காப்பதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் புதுமையினிடத்திலிருந்தே அவருக்குக் கிடைத்தன என்பதனைக் கூறுவதில்லை.

மதம் பற்றியும் இங்கு ஒரு சொல். மிசன் பாடசாலையிற் கற்று, ஆதியாகம கீர்த்தனம் பாடி, பின்னர்ச் சைவத்துக்கு மீண்டு சைவ மகத்துவம் எழுதியவர் அவர். அவருடைய மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரிற் கிறித்தவப் போதகராகி, இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். இது நிற்க, சைவ மகத்துவம் எழுதிய கை எந்நூல்களை அச்சிட்டது என்பதே எமக்கு முக்கியம். 1881இல் அவர் வெளியிட்ட வீரசோழியம், பதினோராம் நூற்றாண்டிற் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் செய்த இலக்கணம். 1889இல் வெளியிட்ட சூளாமணி, சைனர் காப்பியம். இடையில் 1883இற் தணிகைப்புராணமும் இறையனார் அகப்பொருளும் வந்தன. ஒரு நூலைக் கையில் எடுக்குமுன் அது எம்மவருடையதா என்று கேட்பது அக்காலத்துச் சமயவாதிகளின் வழக்கம். பிள்ளையவர்கள் அது தமிழ்தானா, அது அழிகின்றதா என்ற இரண்டை மாத்திரம் கேட்டதாகத் தெரிகின்றது. இன்றும் எம்மிடையே இலக்கியத்துக்குச் சமயச் சாட்சிப்பத்திரம் கேட்போர் உளர். அவர்கள் பிள்ளையவர்களின் படத்துக்கு மாலையிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இனி ஏட்டின் நிலையைக் கூறுவோம். இக்கால மாணவர் பலர் ஏட்டைக் கண்ணாற் கண்டிலர். பழைய நூல் ஓலையில் இருந்தது, அதைப் பார்த்து அச்சிட்டார்கள் என்ற அளவிலே அவர்கள் எண்ணம் நின்றுவிடுகின்றது. பார்த்து எழுதுவதில் என்ன பெருமை என்று ஒரு மாணவி எம்மிடம் வெளிப்படையாகவே கேட்டாள். நியாயமான கேள்வி.

ஓலை நெடுங்காலம் நில்லாது. பூச்சி அரிக்கும், ஈரம் உண்ணும், நல்ல பராமரிப்பிலும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் வாழாது. பெயர்த்தெழுதும் ஒவ்வொரு முறையும் பிழை புகும். கலித்தொகைப் பதிப்புரையில் பிள்ளையவர்கள் தமது கைக்கு வந்த ஏடுகளின் கதியை உருக்கமாக எழுதியுள்ளார். கட்டை அவிழ்த்தாலே துகளாகும் ஓலைகள். பூச்சி அரித்த துளைகளுக்கிடையில் எழுத்தைத் தேட வேண்டிய ஓலைகள். அப்பகுதியை மேடைப் பேச்சாளர் அனைவரும் எடுத்தாள்வர். ஆயின் ஓலை முழுமையாக இருந்தபோதும் அவருக்கு எதிர்நின்ற இடர்ப்பாட்டை அவர்கள் எடுத்துக்கூறக் கேட்டிலோம்.

ஏட்டெழுத்திற் புள்ளி இடுவதில்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவனே தீர்மானித்தல் வேண்டும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பெறு என்பதும் பேறு என்பதும் ஒரே வடிவினவாய் நிற்கும். ரகரமும் ஆகாரக் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கரணம் என்பதும் காணம் என்பதும் ஏட்டில் ஒன்றே. கரணம் மணச்சடங்கு; காணம் பொற்காசு, கொள்ளும் ஆம். இவற்றுள் எது என்று துணிவதற்கு அந்த அடியின் பொருளும் யாப்பும் அந்நூலின் மரபும் தெரிந்திருத்தல் வேண்டும். இதனோடு, சொற்களுக்கிடையே வெளி இல்லை; செய்யுளும் உரைநடைபோல் தொடர்ந்தோடும்; மூலம் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது, உரைகாரர் காட்டும் மேற்கோள் எங்கே முடிகின்றது என்பதற்குத் தெளிவான அடையாளம் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் போன்ற ஒரு நூலை இந்நிலையிலிருந்து எடுத்து, சூத்திரம் வேறு உரை வேறு உதாரணம் வேறாகப் பிரித்து, இன்று நாம் நூல்நிலையத்தில் விரித்து வைத்துப் படிக்கக்கூடிய வடிவில் 1885இல் அவர் கொணர்ந்தார். அம்மாணவி கேட்ட பார்த்தெழுதும் வேலை இதுதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு தீர்ப்பு. பிற்காலத்தில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தபோது அவர் வழங்கிய தீர்ப்புகளுக்குச் சாட்சிகள் இருந்தனர். ஏட்டின் முன் அமர்ந்தபோது சாட்சிகள் பெரும்பாலும் செத்துப்போயிருந்தனர்.

அவர் தொடங்கியபோது தொல்காப்பியம் முற்றாக அச்சேறாதிருந்தது என்று கூறுதல் தவறு. எழுத்ததிகாரத்தை மழவை மகாலிங்கையர் 1840களிலேயே அச்சிட்டிருந்தார். பிள்ளையவர்கள் 1868இற் சொல்லதிகாரச் சேனாவரையத்தை நாவலர் பார்வையிட வெளியிட்டார். நாவலர் 1879இல் மறைந்தபின், துணைநின்ற பெருங்கை இன்றித் தனித்தே ஏனைய நூல்களைச் செய்தார். 1887இல் வந்த கலித்தொகை, எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது. இலக்கண விளக்கம், எழுத்ததிகார நச்சினார்க்கினியம், சொல்லதிகார நச்சினார்க்கினியம் என்பன 1892 வரையிலே தொடர்ந்தன. இப்பட்டியலை இத்துடன் நிறுத்துகின்றோம். மாணவர் மனனம் செய்த பகுதி இது.

அவர்கள் மனனம் செய்யாத பகுதியொன்று உண்டு. 1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பில் ஒரு பெரும் பிழை இருக்கின்றது. நூல் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்றே பிள்ளையவர்கள் கொண்டார். பின்னால் வரும் மெய்ப்பாட்டியல், உவமவியல், மரபியல் ஆகியவற்றுக்கு அவர் அச்சிட்ட உரை நச்சினார்க்கினியருடையது அன்று, பேராசிரியருடையது என்பதனை, அவர் மறைந்தபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரா. இராகவையங்கார் செந்தமிழ்ப் பத்திரிகையில் ஆராய்ந்து காட்டினார். நடைவேறுபாட்டையும் கொள்கை வேறுபாட்டையும் வைத்து நிறுவிய அவ்வாராய்ச்சி இன்று யாவரும் ஒப்புக்கொண்டது.

விழாக்களில் இதனைக் கூறுவது அபசாரம் என்று கருதப்படுகின்றது. கடந்த ஆண்டு ஒரு நினைவுக்கூட்டத்தில் இப்பிழையை நாம் குறிப்பிட்டபோது, தலைமை வகித்த பெரியவர் எம்மைப் பாதியில் நிறுத்தி, நன்றி மறத்தல் தகாது என்று கூறி அமரச் செய்தார். எமக்கு அவரிடம் வருத்தம் இல்லை. ஆயின் எமது கருத்து இதற்கு நேர்மாறானது. தாமோதரம்பிள்ளையின் பெருமை இந்தப் பிழையிலேதான் தெளிவாகத் தெரிகின்றது.

எங்ஙனம் எனின், இராகவையங்கார் அப்பிழையைக் கண்டது எதனால்? நூல் அவர் மேசையிலே இருந்ததனால். ஏடாக இருந்த காலத்தில் அந்த உரை ஒரு சிலருடைய உடைமை. வைத்திருப்பவர் காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை. ஏட்டைத் தவறாகப் படித்த ஒரு வித்துவானை மறுத்துரைக்க இன்னொருவருக்கு இன்னோர் ஏடு வேண்டும். அது மூன்று நாள் வழிநடை தூரத்தில் ஒரு மடத்தின் பெட்டகத்திற் கிடக்கும். தவறு தவறாகவே வாழ்ந்து, மாணவனுக்கு மரபாகச் சென்று சேரும். அச்சிற் பதிந்த தவறோ சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்திற் பலர் கண்ணிற் படும். பிள்ளையவர்கள் இதனை அறிந்தே செய்தார். தாம் பெரும் புலவர் அல்லர் என்றும், வல்லவர் எவரும் முன்வராமையினாலே தாம் துணிந்ததாகவும், பிழை கண்டோர் தெரிவிக்குமாறும் தம் பதிப்புரைகளில் அவர் எழுதினார். இதனை அவையடக்கம் என்று கொள்வது வழக்கம். நாம் அதனை ஒரு கொள்கையாகக் கொள்கின்றோம். தவறான பதிப்பு பின்னர்த் திருந்தலாம்; பெட்டகத்தில் மக்கிய ஏடு திருந்துவதற்கு வழியே இல்லை என்ற கணக்கு அது. புலமையை ஒருவருடைய உரிமையாக வைத்திருந்த நிலமானியக் காலத்து வழக்கத்துக்கு எதிரான கணக்கு என்பதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் முறையிலும் குறைகள் உள. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் ஒழுங்காகக் காட்டும் முறை அவரிடத்து முழுமையாக அமையவில்லை. எந்த ஏடு எங்கே எவ்வாறு கூறியது என்பதைப் பின்வந்தவர் அறியமுடியாதபடி சில இடங்களில் அவருடைய தீர்ப்பு மாத்திரமே எஞ்சியது. அந்த வகையில் 1887இற் சீவகசிந்தாமணியுடன் வந்த உ. வே. சாமிநாதையரின் பதிப்புமுறை ஒரு படி மேலானது. இவ்விருவருள் யார் பெரியவர் என்று இந்தியக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் இடையில் ஒரு பனிப்போர் நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. கும்பகோணத்தில் இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பது குறித்து இருவருக்குமிடையில் நிகழ்ந்ததைச் சாமிநாதையர் தமது சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். அவரவர் பக்கத்து நியாயத்தை வாசகர் படித்தறிக. இருவரும் செய்த வேலை எமக்கு வேண்டும். வழக்கு எமக்கு வேண்டாம்.

பிள்ளையவர்களின் பதிப்புரைகள் 1971இல் யாழ்ப்பாணத்தில் ‘தாமோதரம்’ என்ற பெயரிற் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. மாணவர் நூல்களைப் படிக்காவிடினும் இத்தொகுப்பையேனும் படித்தல் வேண்டும். அதில் எமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது வீரசோழியப் பதிப்புரை. அங்கே அவர் தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம் தொடங்கி ஆதீன காலம் ஈறாக எட்டுக் காலங்களாக வகுக்கின்றார். சங்கநூல்களுட் பெரும்பாலானவை அச்சில் வராத 1881இலே செய்த முயற்சி. அவர் கூறும் கால எல்லைகளை இன்று எவரும் ஏற்கமாட்டார். எனினும் இலக்கியத்துக்குக் காலம் உண்டு. ஒரு காலத்து இலக்கியம் அக்காலத்து நிறுவனங்களோடு பிணைந்தது என்ற எண்ணம் அங்கே முளைத்திருக்கின்றது. தமக்கு அணித்தான காலத்துக்கு அவர் இட்ட பெயரைப் பாருங்கள். ஆதீன காலம். நிலத்தையும் நெல்லையும் ஏட்டையும் ஒருங்கே வைத்திருந்த நிறுவனத்தின் பெயரை ஓர் இலக்கியக் காலத்துக்கு இட்டார். அதே ஆதீனங்களிடம் ஏடு வேண்டி நிற்க வேண்டியிருந்தவரும் அவரே. திருவாவடுதுறை ஆதீனத்தாரின் உதவியின்றி அவரும் சாமிநாதையரும் செய்த வேலைகளுட் பல நிறைவேறியிரா. ஏடு யாரிடம் இருந்தது என்ற வினாவுக்கு அவரே விடை எழுதி வைத்துவிட்டார். ஆயின் ஏன் அவர்களிடம் மாத்திரம் இருந்தது என்ற அடுத்த வினாவை அவர் எழுப்பவில்லை. அவர் காலத்தில் அதனை எழுப்பியோர் மிகச் சிலரே.

இனி அந்த மாணவனுடைய வினாவுக்கு வருவோம்.

பனையோலை தானாக மரத்திலிருந்து இறங்குவதில்லை. யாழ்ப்பாணத்திற் பனையேறியவர் யார், ஓலை வெட்டியவர் யார் என்பது எம்மவர் அனைவருக்கும் தெரியும். குருத்தோலை வெட்டி, பதப்படுத்தி, வாரி அடுக்குவதற்கு உழைத்த சமூகத்தார், அவ்வோலையில் எழுதிய எழுத்தைக் கற்கும் உரிமையின்றி நூற்றாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தனர். ஏடு அச்சாகிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபின்னும் நிலை எளிதில் மாறவில்லை. 1930ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்ற விதி வந்தபோது, எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து நன்னூல் படிப்பதைப் பொறாதோர் மனுக்கொடுத்தனர். சில பாடசாலைகள் எரிந்தன. தொல்காப்பியம் அச்சில் வந்து அரை நூற்றாண்டாகியும் அதனை எல்லோரும் தொடமுடியாத ஊராக எம்மூர் இருந்தது. சுவரும் கூரையும் உடைய அந்த மாளிகை உவமையை நாம் விரும்பாமைக்குக் காரணம் இது. மாளிகை என்றவுடன் வாயிலில் யார் நிறுத்தப்பட்டார் என்ற நினைவு எமக்கு வருகின்றது.

தாமோதரம்பிள்ளை தேடியவை இலக்கணங்களும் காப்பியங்களும் தொகைநூல்களும் உயர்ந்தோர் புராணங்களும். அவருக்கு அவையே தமிழாகத் தோன்றின. அவர் பிறந்த சிறுப்பிட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே கூத்துப் பிரதிகள் இருந்தன. பரியாரிமாரின் வைத்திய வாகடங்கள் இருந்தன. மாந்திரீகமும் சோதிடமும் அம்மன் காவியங்களும் இருந்தன. மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை வைகாசிதோறும் கோயில்களிற் படிக்கப்பட்டு வந்தது. இவற்றை எவரும் தமிழிலக்கியம் என்று எண்ணவில்லை. இதற்காக 1832இற் பிறந்த ஒருவரை 21ஆம் நூற்றாண்டின் கூண்டில் ஏற்றுவது வீண்வேலை. அவருக்குப் பின்வந்த எமக்கு அந்தச் சாட்டு இல்லை என்பதே எமது முறைப்பாடு. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் எழுதினார். அவர்களையொத்த சிலர் ஊர்களிலும் உழைத்தனர். இவை அனைத்தும் நல்ல தொடக்கம். ஆயினும் எமது பாடத்திட்டத்தில் இன்னும் கூத்து ஓர் ஓரக்குறிப்பே.

இதற்கிடையில் ஏடுகளுக்கு வேறு பகைகளும் தோன்றின. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் அரிய ஏட்டுச்சுவடிகளோடும் எரிந்தது. கறையானுக்கு நூறாண்டு வேண்டும் வேலையைச் சீருடையும் அதிகாரமும் ஓரிரவில் முடித்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல் விட்டுப் புறப்பட்டபோது கையில் எடுத்தவை அரிசியும் பிள்ளைகளும். வளையிற் செருகிய ஏட்டுக்கட்டை எடுத்தவர் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது வீட்டுக்கு வளையே இல்லாதோர் உளர். 2005 முதல் நூலகம் அமைப்பினர் அச்சு நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி யாவரும் இலவசமாக வாசிக்க வைத்திருப்பது, பிள்ளையவர்கள் தொடக்கிய வேலையின் நேர்வழித் தொடர்ச்சி என்பது எமது துணிபு. வீடுகளிற் கிடக்கும் ஏடுகளை நோக்கி நடப்பதற்கோ இன்னும் கால்கள் போதாது.

நாமும் நடந்து பார்த்தோம். வினாக் கேட்ட மாணவனின் அம்மம்மாவிடம் ஒரு கட்டு இருப்பதாக அவனே பிறகு கூறினான். அம்மம்மாவின் தந்தையார் அந்தப் பகுதியிற் பெயர்பெற்ற அண்ணாவியார். பகலிற் பனையேறியவர், இரவிற் கூத்துப் பழக்கியவர். எழுத்தை எங்கே கற்றார் என்று கேட்டோம். திண்ணையிலே வைத்துக் கற்பிக்க எவரும் இல்லை. ஒரு புலவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்று கேட்டுக் கற்றதாக வீட்டில் ஒரு கதை வழங்குகின்றது. கட்டின் முற்பாதி ஓலை; பிற்பாதியை யாரோ பள்ளிக் கொப்பியிற் பெயர்த்து எழுதி, அதனையும் அதே நூலாற் சேர்த்துக் கட்டியிருக்கின்றனர்.

பதிப்பாசிரியர் பாணியில் நாம் ஏட்டைக் கொண்டுபோய் எழுதிவிட்டுத் தருகின்றோம் என்றோம். அம்மூதாட்டி அசையவில்லை. "ஏடு இந்த வீட்டை விட்டு வெளிக்கிடாது, மாஸ்ரர். நீங்கள் வந்து இருந்து எழுதுங்கோ, தேத்தண்ணி தாறன்" என்றார். முன்னொருகால் படித்த ஒருவர் ஆராய்ச்சிக்கென்று வாங்கிச் சென்ற இரண்டு கட்டுகள் திரும்பவில்லையாம். ஏடு தேடிய பெரியோர் எல்லோர் வரலாற்றிலும் ஏடு கொடுக்க மறுத்தவர் உலோபிகளாகவே வருவர். அன்றைய பொழுது அந்தத் திண்ணையில் இருந்தபோது, மறுத்தவர் பக்கத்து வரலாற்றை எவரேனும் எழுதினரா என்ற ஐயம் எமக்குத் தோன்றியது.

ஆகவே சனிக்கிழமைகளிற் போய் இருந்து எழுதுகின்றோம். மாணவன் ஓலையைப் பிடிப்பான், நாம் படிப்போம். மூன்றாம் ஏட்டிலே, அரசன் கொலுவுக்கு வரும் தருவில் ஒரு சொல்லில் மயங்கி நின்றோம். கொடி என்றும் படிக்கலாம், கோடி என்றும் படிக்கலாம். இரண்டும் பொருள் தரும். யாப்பை வைத்து நாம் கொடி என்று துணிந்து எழுதினோம். அடுப்படியிலிருந்த மூதாட்டி அந்த அடியைத் தாளத்தோடு பாடிக் காட்டிவிட்டு, "கோடி எண்டுதான் அப்பு படிப்பார்" என்றார். பாடும்போது அந்த இடத்தில் தாளம் நெடிலுக்கே இடம் கொடுத்தது. நாம் எழுதியதை வெட்டினோம்.

இதுவரை பதினாறு ஏடுகள் எழுதியாயிற்று. எஞ்சியவை நாற்பதுக்கு மேல். பரீட்சைக் காலமாதலால் இம்மாதம் ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது. அம்மூதாட்டிக்கு வரும் தையில் எண்பத்து நான்கு வயது நிறைகின்றது.